57 வயதில் மைக் முன்னால் உட்காரலாமா? இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்

தொண்டிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது தொண்டி, இப்போது மதுரை. கூட்டுறவு வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கேள்வி சின்னதுதான், ஆனால் பழைய கதையைச் சொல்லாமல் கேட்டால் புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. வால்வு செட். குமிழைத் திருகினால் உடனே பாடாது, டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்து, உள்ளே சூடேறி, அதற்கு அப்புறம்தான் தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி குரல் வரும். கடற்கரை ஊர் என்பதால் கொழும்பு எங்களுக்கு உள்ளூர் நிலையம் போலத்தான். திருச்சி சில நாள் கரகரக்கும், கொழும்பு கரகரக்காது. காலையில் பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி ஓடும்போது எனக்கு ஜடை பின்னிவிடுவார்கள். அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் அம்மா அடுப்படியில் இருந்தபடியே "ஆமாம் தாயி" என்று பதில் சொல்வார். அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்தினால் நானும் தம்பியும் அடுத்த எழுத்துக்குப் பாட்டுத் தேடிச் சண்டை போடுவோம்.

பாட்டை விட எனக்குப் பிடித்தது நடுவில் பேசுகிறவர்களைத்தான். கொல்லைக் கிணற்றுக்குள் குனிந்து "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச்சேவை" என்று சொல்வேன். தண்ணீர் குறைந்த கோடையில் குரல் உருண்டு திரும்பி வரும். மழைக்காலத்தில் அவ்வளவு நன்றாக வராது. அதனால் எனக்குக் கோடை பிடிக்கும்.

22 வயதில் வானொலி அறிவிப்பாளர் குரல் தேர்வுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். பொம்பளைப் பிள்ளை குரல் ஊரெல்லாம் கேட்கணுமா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தபாலில் சேர்க்கவும் இல்லை. போன மாதம் அவருடைய தகரப் பெட்டியைக் காலி செய்தபோது அந்த விண்ணப்பம் கிடைத்தது, புகைப்படம் ஒட்டியது ஒட்டியபடி. மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்திருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சம்பளம் வேண்டாம், பெயர் வரவேண்டாம். இந்த வயதில் குரல் கொடுக்கிற வேலை எங்கே கிடைக்கும்? குரல் முன்பு போல இல்லை, கீழே இறங்கிவிட்டது. அது தடையாக இருக்குமா?

பாம்பன்காற்று:

அக்கா, முதலில் ஒன்று. ஆகாசவாணி தற்காலிக அறிவிப்பாளர் தேர்வுக்கு நான் பார்த்த அறிவிப்புகளில் எல்லாம் 20 முதல் 50 வயது வரைதான் கேட்டிருந்தார்கள். அதனால் அந்தக் கதவைத் தட்டி மனசு விட்டுப்போக வேண்டாம். சமுதாய வானொலிக்கு வாங்க, அந்தந்தப் பகுதி மக்களுக்காகக் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகிற சின்ன நிலையங்கள் அவை. நான் அப்படி ஒன்றில் ஆறு வருடமாகத் தன்னார்வமாகப் போகிறேன்.

விஷயம் இதுதான். இந்தியாவில் முதல் சமுதாய வானொலி 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 இருக்கிறது, 2016இல் வந்தது. இந்த நிலையங்களுக்குப் பொதுவாக 100 வாட் சக்திதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது. நிகழ்ச்சியில் பாதியாவது அந்தப் பகுதி மக்களை வைத்துத் தயாரித்ததாக இருக்கவேண்டும் என்பது விதி, அதனால் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நேராகப் போய் "எனக்கு அறிவிப்பாளர் ஆசை" என்று நிற்காதீர்கள். ஆசையோடு வருகிறவர்கள் நிறைய, இரண்டு வாரத்தில் காணாமல் போவார்கள். "கூட்டுறவு வங்கியில் இத்தனை வருடம் இருந்தேன், நகைக்கடன், பயிர்க்கடன், வட்டிக் கணக்கு, எங்கே கையெழுத்துப் போடக்கூடாது, இதையெல்லாம் பதினைந்து நிமிட நிகழ்ச்சியாக வாராவாரம் செய்து தருகிறேன்" என்று எழுதிக் கொண்டுபோங்க. மதுரையில் கல்லூரி வளாகங்களை விசாரித்தாலே விவரம் கிடைக்கும். கடனைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு அக்கா பேசினால் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

குரல் இறங்கியிருப்பது நல்லது அக்கா. சின்ன ஸ்பீக்கரில் கீச்சுக்குரல் குத்தும், கனமான குரல்தான் நிற்கும்.

டைனமோ:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோ. நீங்கள் அக்கரையில் இருந்து கேட்ட அதே வானொலியைத்தான் நாங்களும் கேட்டோம், ஆனால் எங்கட வீட்டில் அதற்கு வேறு முகம் இருந்தது.

90களில் எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் தாழ்ந்து போகும், அம்மம்மா "சுத்தடா, சுத்தடா" என்பார். பெரும்பாலும் சுற்றுவது நான்தான், எனக்கு அப்போது 12 வயது. அந்த அரை மணித்தியாலத்தில் வாசிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினால், அது எங்கள் ஊர்ப் பெயராக இருந்தால், அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். 2017 ஏப்ரல் 30இல் அந்த ஒலிபரப்பு நின்ற அன்று நான் இங்கே வேலைக்குப் போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு முதலில் தேவை தெளிவு. இங்கே வானொலியில் கதைக்க வரும் பலர் பழைய கொழும்பு அறிவிப்பாளர்களின் இழுவையையும் கம்பீரத்தையும் அப்படியே எடுத்துவைத்துக் கதைக்கிறார்கள். கேட்க அந்தரமாக இருக்கும். ராஜேஸ்வரி அக்காவைப் போல நீங்களும் கதைக்க வேண்டாம். தொண்டிப் பேச்சு நாக்கில் இருந்தால் இருக்கட்டும், ழ, ல, ள மூன்றும் சரியாக விழுந்தால் போதும்.

கொழும்பு_25மீட்டர்:

டைனமோ தம்பியோடு இதில் எனக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கு 71 வயது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது எங்கள் அப்பா தலைமுறையே முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. பாட்டுக்காகப் போனவர்கள் அந்தப் பேச்சுக்காகத் தங்கிவிட்டார்கள். பாடகர்கள் எல்லாம் யாரையாவது பின்பற்றித்தானே தொடங்குகிறார்கள்? அம்மா நீங்கள் தாராளமாக ராஜேஸ்வரி சண்முகம் மாதிரியே ஆறு மாதம் பேசிப் பழகுங்கள். அந்த நிறுத்தங்களைப் பழகாமல் சொந்தக் குரல் வராது. பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒரு நிமிடம் கேளுங்கள், ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

விரல்வாசகன்:

அம்மா, நான் பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கேட்கிறவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் பட்டப்படிப்பு முடித்தது கேசட்டில். முகம் தெரியாத ஒரு அம்மா மூன்று வருடப் பாடத்தையும் வாசித்துக் கொடுத்தார்கள். பின்னால் குக்கர் விசில் கேட்கும், ஒருமுறை மழை. இன்றைக்கும் பாமினி சுல்தான்கள் என்றால் எனக்கு அந்த மழையும் சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

இப்போது செல்போனே வாசிக்கிறதே என்பார்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்திலும் பழைய எழுத்துருவில் தட்டச்சான பிடிஎப்பிலும் அது திணறும், செய்யுள் வந்தால் கேட்கவே முடியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் வருவீர்களா?

வந்தால் இப்படிச் செய்யுங்கள். தொடங்கும்போது புத்தகத்தின் பெயர், பாடம், பக்க எண். பக்கம் மாறும்போதெல்லாம் எண்ணைச் சொல்லுங்கள், எங்களுக்குத் திரும்பிப் போக வேறு வழி இல்லை. படம் இருந்தால் தாண்டிவிடாதீர்கள், "வரைபடம், தக்காண பீடபூமி, மேற்கில் மலைத்தொடர்" என்று இருப்பதைச் சொல்லுங்கள். அட்டவணையை வரிவரியாக, ஒவ்வொரு முறையும் தலைப்போடு சேர்த்து வாசியுங்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர் புதிதாக வந்தால் ஒருமுறை எழுத்துக் கூட்டிவிடுங்கள். நடிக்க வேண்டாம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ப வரும்போது காற்று அடிக்காது.

பாடம் தவிர ஆசைக்கு வாசிக்க வேண்டுமானால் நாட்டுடைமை ஆன நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆயின, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தொண்டிக்காரி:

எல்லோருக்கும் தனித்தனியாக எழுதவேண்டும், எழுதுகிறேன். டைனமோ தம்பி, உங்கள் பதிலை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், "சுத்தடா" என்ற இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. 71 வயது ஐயா, நீங்கள் சொன்னபடி பத்து நாள் பழகிப் பார்த்தேன். நிறுத்தங்கள் கொஞ்சம் பிடிபட்டிருக்கின்றன, இழுவையை விட்டுவிட்டேன்.

பாம்பன் தம்பி, வங்கி நிகழ்ச்சிக்கு ஆறு வாரத் தலைப்பு எழுதிவிட்டேன். முதல் தலைப்பு ஜாமீன் கையெழுத்து. ஒரு கல்லூரி நிலையத்தில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

விரல்வாசகன் சார், பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் முதல் பாடம் நேற்று அனுப்பினேனே, அதைப் பதிவு செய்த கதை இது. பகலில் தெருச்சத்தம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மெத்தை அடுக்குகிற சின்ன அறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, செல்போனை ஒரு சாண் தள்ளி அரிசி டின் மேல் வைத்து உட்கார்ந்தேன். முதல் வரி வரவே இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பக்க எண்ணைச் சொன்னதும் சரியாகிவிட்டது. 14 நிமிடம். நடுவில் பால்காரர் மணி அடித்ததை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் மழையைப் பற்றிச் சொன்னதால்.

உங்கள் பதில் இன்று காலை வந்தது. ஒரு இடத்தில் ள, ல ஆகிவிட்டது என்றும் மூன்றாம் பக்கத்து வரைபடத்தை நான் தாண்டிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் திருத்தி நாளை அனுப்புகிறேன். அடுத்த பாடம் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்களாமே, ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடட்டுமா?