மறு: ‘சட்டைவா’வுக்கு ஒரு சொல்

> செடிகளின் இலத்தீன் அறிவியல் பெயர்களில் வரும் ‘சட்டைவா’வுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ‘சட்டைவா = விதைக்கப்பட்ட’ என்று போட்டுவிடலாமா? சட்டைவஸ், சட்டைவம் இரண்டுக்கும் இன்னும் சொல் அமையவில்லை.

ஐயா, வணக்கம்.

அந்த இரண்டுக்கும் தனியாகத் தேட வேண்டாம், மூன்றும் ஒரே சொல்தான். இலத்தீனில் பெயரின் பாலுக்கேற்பப் பெயரடையும் விகுதி மாறும். நெல்லின் பெயரான ஒரைசா பெண்பால், ஆகவே ஒரைசா சட்டைவா. குரோக்கஸ் ஆண்பால், குங்குமப்பூவுக்குச் சட்டைவஸ். அல்லியம் இரண்டும் இல்லை, பூண்டுக்குச் சட்டைவம். ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு’ என்று ஒரே அடையை வைத்துக் காலம் தள்ளும் நமக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வேர், ‘செரெரெ’ என்ற வினை. விதைப்பதையும் குறிக்கும், நடுவதையும் குறிக்கும். விதைப்பு என்று பொருள்படும் ‘சதியோ’வும் அதில் பிறந்ததே. அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய் ‘சீசன்’ ஆகி, குற்றாலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது!

‘விதைக்கப்பட்ட’ எனக்கு இடிக்கிறது. குங்குமப்பூ மும்மடியச் செடி (குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று), அதனால் மலடு. விதையே கிடையாது, கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். பூண்டையும் பல் பல்லாகத்தானே ஊன்றுகிறோம்? 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றுக்கு இப்பெயரை வைத்தபோது, காட்டில் தானாக முளைப்பதல்ல, மனிதர் வளர்ப்பது என்பதே கருத்து. காட்டுக்கு எதிர் நாடு என்று ‘நாட்டு’ போடலாம்தான். ஆனால் சந்தையில் ‘நாட்டுப் பூண்டு’ என்றால் வேறு பொருள். அதனால் ‘பயிர்’ என்கிறேன்: பயிர்நெல், பயிர்ப்பூண்டு.

---

> பயிர்நெல், பயிர்ப்பூண்டு

‘பயிர்’ சரி, ஆனால் ‘பயிர்நெல்’ என்று எந்த உழவர் சொல்வார்? நெல் என்றாலே பயிர்தான். தமிழ் அடைமொழி கொடுப்பது மற்றதற்கு: காட்டாமணக்கு, மூங்கில் நெல். புறநானூறு 109-இல் பறம்பு மலையில் ‘உழவர் உழாதன நான்கு’ என்று கபிலர் எண்ணும்போதும், உழாமல் விளைந்த நெல்லைத்தான் ‘வெதிரின் நெல்’ (வெதிர் என்றால் மூங்கில்) என்று பிரித்துச் சொல்கிறார்.

---

ஒப்புக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலில் மூன்று வடிவங்களையும் ஒரே பதிவாக்கி, எதிரே ‘பயிர்’ என்று பொருள் தருவோம். செடியின் தமிழ்ப் பெயரில் அதை ஒட்ட வேண்டாம். அடுத்து பீன்ஸின் அறிவியல் பெயரில் வரும் ‘வல்காரிஸ்’; ‘பொதுவான’ என்பதே அதன் பொருள். அதற்கு யாரோ ‘கொச்சை’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள், பாவம் பீன்ஸ்.