மனைவியின் சர்வீஸ் பிஸ்டலும் வீட்டில், பிள்ளைகளும் வீட்டில்: யார் பொறுப்பு?

ரெண்டுபிள்ளைஅப்பா:

என் மனைவி போலீஸ் அதிகாரி. டியூட்டி முடிந்து வரும்போது சர்வீஸ் பிஸ்டலும் கூடவே வரும். ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வரலாம்தான். ஆனால் நேரம் கெட்ட நேரத்தில் அழைப்பு வரும் பிரிவில் இருக்கிறார், வீட்டிலிருந்தே நேராகக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறார். பையனுக்கு 4 வயது, பெண்ணுக்கு 11.

பிஸ்டல் இருப்பது படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில். ஹோல்ஸ்டரோடு (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருப்பார். பூட்டு கிடையாது. எப்போதும் லோட் செய்தே இருக்கும். நான் பேச்சை எடுத்தால், பையனுக்கு அந்த உயரம் எட்டாது, பெண்ணிடம் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று என்பார். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "துப்பாக்கியைப் பற்றி எனக்கே பாடமா?" அதற்கு அப்புறம் பேச்சு வளராது.

அவர் அலட்சியமானவர் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. சுடுதளத்தில் சேம்பரை (சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறை) கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்த்த பிறகுதான் பிஸ்டலைக் கையை விட்டுக் கீழே வைப்பார். வீட்டு வாசலைத் தாண்டியதும் அதே பிஸ்டல் ஒரு சாவிக்கொத்து மாதிரி ஆகிவிடுகிறது. வந்ததும் பெல்ட்டோடு கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். அவர் வெளியே வரும்வரை அறை வாசலில் நான் காவல் நிற்கிறேன். இத்தனைக்கும் வீட்டில் போலீஸ் நான் இல்லை.

இது அவருடைய பொறுப்பா, ஆயுதம் கொடுத்த டிபார்ட்மென்ட்டின் பொறுப்பா, கூட வாழும் என்னுடையதுமா? பெட்டி வாங்குவதானால் எப்படிப்பட்டதை வாங்குவது? அதன் எண் எனக்கும் தெரிந்திருக்க வேண்டுமா? பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது என்கிறாரே, அது உண்மையா? வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், இப்போதைக்கு அது நடக்காது.

பழையஆர்மரர்:

தம்பி, நான் போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவன். பிற்பாடு சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தேன். இப்போது ஓய்வு.

யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாரோ அவர் பொறுப்பு. உங்கள் மனைவிதான். டிபார்ட்மென்ட்டுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி கொடுக்கிறவர்கள் பூட்டும் பெட்டியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் சட்டங்களே இதில் போலீசுக்குச் சலுகை காட்டுகின்றன. அமெரிக்காவில் 2005-ல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்றால் பூட்டோ பெட்டியோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். பணிக்காக வாங்கும் போலீஸ்காரருக்கு விற்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில், குழந்தைக்குக் கிடைக்கும்படி துப்பாக்கியை வைத்தவரைத் தண்டிக்கும் சட்டத்திலும், போலீஸ்காரரின் பணியின்போதோ பணியை ஒட்டியோ அது நடந்திருந்தால் விலக்கு உண்டு. பயிற்சி பெற்ற ஆளுக்குப் பூட்டு எதற்கு என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் அடி. பயிற்சி அவருக்குத்தானே? அவர் குளிக்கும்போது அதை எடுக்கப்போகிறவன் எந்த வகுப்புக்கும் போகவில்லையே.

வேறு வழியும் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான போலீசார் துப்பாக்கி ஏந்துவதே இல்லை. ஏந்தும் பிரிவினரும் டியூட்டி முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

பிஸ்டலுக்கு வருகிறேன். பல போலீஸ் படைகளில் இருக்கும் கிளாக் வகையில், கட்டைவிரலால் தள்ளிப் போடும் சேஃப்டி கிடையாது. டிரிகரை அழுத்தினாலே உள்ளே உள்ள சேஃப்டிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் போதும். சின்னக் குழந்தை நம்மைப் போலப் பிடிக்காது. ஒரு விரலின் பலம் பற்றாவிட்டால், துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கும். குழல் அப்போது எங்கே பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்றிவிட்டேன், காலி என்று நினைப்பவர்களும் உண்டு. சேம்பரில் ஏற்கெனவே ஏறிய ரவுண்ட் (தோட்டா) அங்கேயேதான் இருக்கும், அந்த வகைப் பிஸ்டல் மேகசின் இல்லாமலும் அதைச் சுடும்.

ஹோல்ஸ்டரையும் நம்பாதீர்கள். தெருவில் யாராவது பின்னாலிருந்து உருவப் பார்த்தால் சில நொடிகள் தாக்குப்பிடிக்கத்தான் அந்தப் பிடிமானம். யாரும் இல்லாத அறையில் சாவகாசமாக நோண்டும் பிள்ளைக்கு அது ஒரு தடையே இல்லை.

பெட்டி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மலிவான மின்னணுப் பெட்டிகள் சிலவற்றை ஓங்கித் தட்டினாலே உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் பகுதி குதித்து விலகிக் கதவு திறந்துவிடும். கைரேகைப் பெட்டிகளிலும் 2023-ல் அமெரிக்காவில் ஒரே அறிவிப்பில் சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன. வாங்குவதாக இருந்தால் வீட்டில் உள்ள எல்லார் விரலையும் வைத்துப் பார்க்க வேண்டும், பையன் விரலையும் சேர்த்து (அப்போது உள்ளே துப்பாக்கி இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?). நான் சிபாரிசு செய்வது பேட்டரியே இல்லாத, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு. இருட்டில் விரல் தடவியே திறக்கலாம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான்.

எண் அவருக்கு மட்டும். உங்களுக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், சர்வீஸ் ஆயுதத்தை நீங்கள் எடுக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றுகூட இல்லை. பிறந்த தேதிகளை எண்ணாக வைக்க வேண்டாம், உங்கள் பெண் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பாள்.

நான் புதியவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான். உடம்பில் இருக்கும், இல்லை பெட்டியில் இருக்கும். கட்டில், மேசை, குளியலறை அலமாரி, காரின் முன்பெட்டி, இதெல்லாம் கணக்கிலேயே வராது. ஆகவே அவர் பெல்ட்டைக் கழற்றும் இடத்தில்தான் பெட்டி இருக்கவேண்டும். நாலு அடி தள்ளியிருந்தாலும் களைப்பாக வரும் நாளில் கட்டில்தான் ஜெயிக்கும்.

நைட்ரவுண்ட்ஸ்:

கிடங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இப்படிப் பேசுவது சுலபம். நான் உள்ளே தள்ளிய ஆட்கள் வெளியே வந்து சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். கதவை உடைக்கும்போது நான் எண் அழுத்திக்கொண்டிருக்கவா? என் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பிஸ்டலைக் காட்டி, பிரித்துக் காட்டி, ஆசையைத் தீர்த்துவிட்டேன். மறைத்தால்தான் ஆர்வம் வரும். ஒழுங்காக வளர்த்தால் தொடமாட்டார்கள்.

குழந்தைகள்வார்டு:

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் மருத்துவர். "சொல்லி வைத்திருக்கிறேன்" என்ற வாக்கியத்தைப் பெற்றோர் எந்த நிலையில் என்னிடம் சொல்வார்கள் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

ஆர்வம் தீர்ந்துபோகும் என்பதை ஆராய்ச்சிகள் ஆதரிக்கவில்லை. 2001-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. 8 முதல் 12 வயது வரையிலான 64 பையன்களை 29 குழுக்களாக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கவனித்தார்கள். ஓர் இழுப்பறையில் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி. 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாரோ ஒருவன் டிரிகரை இழுத்தான். கையில் எடுத்த பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி ஏதோ ஒரு வகையில் முன்பே எச்சரிக்கப்பட்டவர்கள். பெரியவரைக் கூப்பிடப் போனது ஒரே ஒரு குழு.

விரல் பலத்தையும் அளந்திருக்கிறார்கள். 1995-ல் வந்த ஆய்வின்படி, விற்பனையில் இருந்த பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் டிரிகரை இழுக்கும் பலம் 3, 4 வயதுப் பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்கு இருந்தது. 5, 6 வயதில் 70 சதவீதம். பையன் சின்னவன் என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் பெண்ணைப் பற்றி. கேள்வியில் அவளைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. 11 இன்னும் சில வருடத்தில் 14 ஆகும். அந்த வயதில் தற்கொலை முயற்சி பெரும்பாலும் நாள்கணக்கில் திட்டமிட்டது இல்லை, ஒரு சண்டை, ஓர் அவமானம், கொஞ்ச நேரம். மாத்திரை விழுங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறோம். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. மேல்தட்டு அவளுக்கு எட்டும். இன்றே எட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

துப்பாக்கி ஏந்தும் பெரியவருக்கும் இது பொருந்தும். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வாரக்கடைசிக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்றது. இளம் வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு வாரக்கடைசி மரணங்கள். வீட்டுக்கு எடுத்துப் போயே ஆகவேண்டுமா என்பதை மேலதிகாரிகள் வருடா வருடம் மறுபடி கேட்கவேண்டும்.

ஆர்மரர் ஐயாவிடம் ஒரு மாறுபாடு. குழந்தை மருத்துவர்கள் சொல்வது: தோட்டா இல்லாமல் பூட்டி வை, தோட்டாவைத் தனியாகப் பூட்டு. நீங்கள் பூட்டோடு நிறுத்திவிட்டீர்கள்.

பழையஆர்மரர்:

டாக்டரம்மா, வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். தினமும் தோட்டா இறக்கி ஏற்றும் துப்பாக்கியை வீட்டில் தினமும் இரண்டு முறை கையாள வேண்டியிருக்கும். தவறிச் சுடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதோடு, ஒரே ரவுண்டைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால் தோட்டாவின் முனை உள்ளே அமுங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும். அதனால் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் அதிகாரி ஹோல்ஸ்டரோடு, அப்படியே, நல்ல பெட்டிக்குள் வைப்பது மேல் என்பேன். நீண்ட விடுமுறை என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. அதைவிடச் சரி, கிடங்கில் ஒப்படைப்பது. சொந்தத் துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி இருந்தால் அதற்கு உங்கள் விதிதான், விவாதமே இல்லை.

நைட்ரவுண்ட்ஸ், மிரட்டல் உண்மை என்றால் விழித்திருக்கும்வரை இடுப்பிலேயே வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. தூங்கும்போது பெட்டி. பழகிய விரலுக்குச் சில நொடி வேலை. துண்டை விலக்கி, மேல்தட்டில் துழாவி, இருட்டில் ஹோல்ஸ்டரிலிருந்து உருவுவதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெட்டியை விட வேகமாக இருந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.

மூன்றாவதுபெண்:

போலீஸ்காரரின் மகள் நான். நாங்கள் மூன்று பேர். அப்பா துப்பாக்கியை எங்கே ஒளித்து வைப்பார் என்பது மூவருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியாது என்று அவர் கடைசிவரை நம்பினார். அவர் இடத்தை மாற்றினால் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவோம். நல்ல பிள்ளைகள்தான், படிப்பிலும் கெட்டி. அக்கா ஒருமுறை எடுத்து எனக்குக் கொடுத்தாள், எவ்வளவு கனம் என்று பார்ப்பதற்காக. நைட்ரவுண்ட்ஸ் சார், உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் "தொட்டதே இல்லை" என்பார்கள். நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

ரெண்டுபிள்ளைஅப்பா:

எல்லாருக்கும் நன்றி. இதை அப்படியே மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஆர்மரர் ஐயா எழுதியதைப் படித்து, "இதெல்லாம் தெரிந்ததுதான்" என்றார். டாக்டர் எங்கள் பெண்ணைப் பற்றி எழுதிய பத்தியில் நின்றுவிட்டார். பெண்ணைக் கூப்பிட்டு அலமாரிப் பக்கம் நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். நாற்காலியே தேவைப்படவில்லை.

பொத்தான் பூட்டுப் பெட்டி வருகிறது. எண் எனக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், அது அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. அதுவரை டியூட்டி முடிந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிறார், அழைப்பு வந்தால் அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும். பெட்டியை டிபார்ட்மென்ட்டே எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கேட்கப்போகிறாராம். கேட்டால் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

ஒரு சந்தேகம் பாக்கி. உறவினர் வீட்டில் தங்கும்போது என்ன செய்வது? அங்கேயும் பிள்ளைகள் உண்டு, சுவரில் போல்ட் அடிக்க முடியாது.

பழையஆர்மரர்:

விடுப்பில் போனால் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும், அதற்குத்தானே கிடங்கு. டியூட்டி விஷயமாகக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால், எஃகுக் கம்பிவடம் வைத்த சின்னப் பெட்டிகள் உண்டு. நகர்த்த முடியாத கட்டில் சட்டத்திலோ குழாயிலோ சுற்றிப் பூட்டலாம். வடத்தை வெட்டத் தெரிந்த திருடனுக்கு அது போதாது, பிள்ளைகளுக்குப் போதும். இரவில் காரில் விட்டுவிட்டு வரவேண்டாம். அங்கிருந்து திருட்டுப் போன துப்பாக்கிக்கு அப்புறம் அவர்தான் வருடக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.