வடசென்னை டிராக் டே குரூப்: ஸ்விஃப்டுக்கு என்ன பிரேக் போடலாம்?

தினேஷ், கொடுங்கையூர்: அண்ணா, அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே, நம்ம வண்டிய நாமளே டிராக்ல ஓட்டிப் பாக்குற நாள். என்னோடது ஸ்விஃப்ட் பெட்ரோல் கார். பின் சீட்டு, ஸ்டெப்னி எல்லாம் எறக்கியாச்சு, ஆளோட சேத்து 900 கிலோ. 4 பிஸ்டன் காலிப்பர் (பேட்ட டிஸ்க்கு மேல அமுத்திப் புடிக்கிறது), பெரிய டிஸ்க்கு, முழு கிட்டுக்கு வெல சொல்லியிருக்காங்க. வாங்கிடவா?

செல்வம் அண்ணா, பெரம்பூர்: வேணாம்பா. அந்த துட்ட அப்பிடியே வெச்சிரு. ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ், அதான் சக்கரம் லாக் ஆவாம பாக்குறது, வேல செய்யுதுல்ல? அப்போ காலிப்பர் புடிக்கிறது போதும், அதுக்கு மேல டயர் பாடு. டிராக்ல பிரேக்கு தோக்குறது சூட்டால.

செல்வம் அண்ணா, பெரம்பூர்: இன்னொண்ணு. முன்னாடி மட்டும் பெரிய பிஸ்டன் போட்டா பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற அதே மாஸ்டர் சிலிண்டர் அதிக பிரேக் ஆயில் தள்ளணும், பெடல் ஆழமா போவும். முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆவப் பாக்கும், பின்னாடி டிரம் சும்மா கெடக்கும். நிக்கிற தூரம் கூடத்தான் செய்யும்.

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: கணக்கு போட்டு காட்டுறேன் தினேஷ். 900 கிலோ, 140ல இருந்து 60க்கு எறக்குற. சுமார் 555 கிலோஜூல். ஒரே மிதியில கிட்டத்தட்ட 2 லிட்டர் பச்சத் தண்ணி கொதிக்கிற சூடு அது. அதுல முக்கால் பங்கு முன்னாடி போவுதுன்னு வை, ஒரு டிஸ்க்குக்கு 208. டிஸ்க்கு 5 கிலோன்னா ஒவ்வொரு மிதிக்கும் 85, 90 டிகிரி ஏறும். அந்த டிராக் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். ஆறுறதுக்குள்ள அடுத்த மிதி வந்துரும்.

தினேஷ், கொடுங்கையூர்: அப்போ மொதல்ல எத மாத்தணும்கா?

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: பிரேக் ஆயில். டாட்ங்கிறது அதோட தரம். டாட் 3 புதுசுல 205 டிகிரி வரைக்கும்தான் கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, டாட் 4 230, டாட் 5.1 260. ஈரம் குடிச்சிட்டா டாட் 4 155க்கு வந்துரும். நம்ம பக்கம் கடக்காத்து, மூடி தெறந்த பாட்டில மறுபடி எடுக்கவே கூடாது. டிராக்குக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ஒண்ணு ஊத்து, புதுசுல 312 டிகிரி. பேர் பக்கத்துல இருக்குன்னு டாட் 5 வாங்கிடாத. அது சிலிகான், இதோட சேராது, ஏபிஎஸ்ஸுக்கும் ஆவாது.

பாபு, வியாசர்பாடி: மிதிக்கும்போது கால்ல வித்தியாசம் தெரியும்ணு சொல்லுங்கக்கா, அது முக்கியம்.

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: ஆமா பாபு. பெடல் மெத்துன்னு கீழ போனா ஆயில் கொதிச்சு ஆவி ஆயிடுச்சு. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலன்னா பேட் சூட்ட தாங்கல. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. ஆயில் கொதிச்சதுக்கு பேட் மாத்துனா ஒண்ணும் ஆவாது. ரெண்டுல எது வந்தாலும் அடுத்த லேப் போவாத, உள்ள வந்துரு.

தினேஷ், கொடுங்கையூர்: பேட் ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒண்ணே போதுமா?

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: போதாது. டிராக் பேட் சில்லுனு இருக்கும்போது காலைல சிக்னல்ல சரியா புடிக்காது. அங்க போய் மாத்து, வரும்போது பழச போடு. பாதிக்கு மேல தேஞ்ச பேட்ட டிராக்குக்கு எடுக்காத. மெலிசான பேட் சூட்ட நேரா பிஸ்டனுக்கு தள்ளும், அங்கருந்து ஆயிலுக்கு.

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: புது பேட்ட பெட்-இன் பண்ணாம, அதாவது டிஸ்க்கோட சூடாக்கி பழக்காம, ஓட்டாத. 100ல இருந்து 30க்கு, எட்டு பத்து தடவ, முழுசா நிக்காம. அப்புறம் பிரேக் தொடாம ஒரு பத்து நிமிஷம் ஓட்டி ஆற வை. பேட் கம்பெனி வேற மொற சொல்லியிருந்தா அதான் சரி. சூட்டோட பெடல மிதிச்சபடி நின்னா பேட் டிஸ்க்குல அச்சு மாதிரி ஒட்டிக்கும், ஸ்டியரிங் நடுங்கும். பாதி பேர் டிஸ்க் பெண்டுன்னு தூக்கி போடுறது இதுக்குத்தான்.

பாபு, வியாசர்பாடி: அத எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல பண்ணாத தினேஷு. பின்னாடி கன்டெய்னர் லாரி வரும், அவனால நிறுத்த முடியாது. டிராக்குல மொத செஷன அதுக்குன்னே ஒதுக்கு.

தினேஷ், கொடுங்கையூர்: ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ், அதான் கம்பி பின்னுன பிரேக் ஹோஸ்?

செல்வம் அண்ணா, பெரம்பூர்: ரப்பர் பழசா இருந்தா போடு, பெடல் கெட்டியா இருக்கும். ஹோஸ காலிப்பர்ல மாட்டுற பேன்ஜோ போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது காப்பர் வாஷர். முன் ரெண்டு காலிப்பருக்கு நாலு வேணும், ஸ்பேரோட எட்டா வாங்கு. மாட்டிட்டு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு பாரு, ஜாக்குல தூக்கி சக்கரம் தொங்கும்போதும் பாரு. எங்கயும் உரசக் கூடாது, இழுக்கக் கூடாது.

செல்வம் அண்ணா, பெரம்பூர்: காலிப்பர் நகர்ற ஸ்லைட் பின்ன கழட்டி தொடச்சு சிலிகான் கிரீஸ் மட்டும் வை. சாதா கிரீஸ்ல ரப்பர் ஊதிக்கும், பின் எறுகிடும், பேட் ஒரு பக்கமா சாஞ்சு தேயும். காலிப்பர திருப்பி மாட்டும்போது ப்ளீட் நிப்பிள், அதான் ஆயில்ல இருக்குற காத்த வெளிய விடுற மூக்கு, மேல பாத்து இருக்கான்னு கவனி. இடது வலது மாறிட்டா நிப்பிள் கீழ போயிடும், எவ்ளோ ப்ளீட் பண்ணாலும் காத்து மேலயே தங்கும்.

பாபு, வியாசர்பாடி: ப்ளீட் பண்ணும்போது பெடலுக்கு அடியில ஒரு கட்ட வைங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் தெனம் போவாத எடத்துல துரு இருக்கும், தரை வரைக்கும் அமுத்துனா சீல் அதுல கிழியும். வரிசை மேனுவல்ல என்னவோ அதான். பொதுவா தூரத்து சக்கரம் மொதல்ல, நம்ம வலது கை ஸ்டியரிங்குக்கு பின்பக்க இடது சக்கரம். டப்பால ஆயில் மினிமத்துக்கு கீழ எறங்க விடாத. பழுப்பு நெறம் போயி தெளிவா, குமிழி இல்லாம வரணும்.

தினேஷ், கொடுங்கையூர்: டிஸ்க்கு? ஓட்ட போட்டது அழகா இருக்கு.

செல்வம் அண்ணா, பெரம்பூர்: ஓட்டய சுத்தி விரிசல் உடும். பிளைன் போதும், மிஞ்சிப் போனா கோடு கீறுனது. மாட்றதுக்கு முன்னாடி டிஸ்க்கு உக்கார்ற ஹப் முகத்துல துருவ வயர் பிரஷ் போட்டு தேய், இல்லன்னா நல்ல டிஸ்க்கும் ஆடும். ஆட்டத்த அளக்குற டயல் கேஜ் என்கிட்ட இருக்கு, ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். புதுப்பேட்டைல பழைய காலிப்பர் எடுத்தா புது சீல் கிட் போட்டுத்தான் மாட்டணும். பழைய ஹோஸ் மட்டும் எடுக்காத.

விமலா அக்கா, தண்டையார்பேட்டை: இதெல்லாம் பண்ணியும் பெடல் மெத்துன்னு ஆனா காத்துக்கு வழி பண்ணு. பம்பர்ல இருந்து 3 இன்ச் ஹோஸ், டிஸ்க்கோட நடுவுக்கு. உள்ள சந்து விட்ட வென்டிலேட்டட் டிஸ்க்கு காத்த நடுவுல இழுத்து ஓரத்துல தள்ளும். ஒரு முகத்துல மட்டும் ஊதுனா அந்தப் பக்கம் மட்டும் ஆறி டிஸ்க்கு கிண்ணம் மாதிரி வளையும்.

தினேஷ், கொடுங்கையூர்: சரிக்கா. ஆயில், பேட், ஹோஸ், வாஷர் சனிக்கிழம ஜிபி ரோட்ல வாங்கிடுறேன். கிட் வேணாம்னு சொல்லிடுறேன்.

பாபு, வியாசர்பாடி: ஆயில் பாட்டில் சீல் ஒடையாததா பாத்து வாங்கு. செஷன் முடிஞ்சு உள்ள வந்தா ஹேண்ட்பிரேக் இழுக்காத, பின் டிரம் சூட்டோட ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்கு கட்ட வை.

செல்வம் அண்ணா, பெரம்பூர்: ஞாயித்துக்கிழம காலைல வண்டிய கொண்டா. நாலு ஜாக் ஸ்டாண்டு நான் எடுத்து வெக்கிறேன்.