தாராவியில் ஏழையே இல்லையாம்! பொதுக் கக்கூஸ் வறுமைக் கணக்கில் வருமா, வராதா?

கோலி நம்பர் 14:
பொங்கல் விழா இழையில் செம்பூர் சேகர் சார் போகிறபோக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "தாராவியில் இப்போது யார் ஏழை? வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ், ஆளுக்கொரு செல்போன், எல்லாருக்கும் வங்கிக் கணக்கு. 24.82 கோடிப் பேர் வறுமையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள் என்று மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கே சொல்லிவிட்டது. இன்னும் எதற்குப் பஞ்சப்பாட்டு?" சார், அதே நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் (வருமானத்தைப் பார்க்காமல், வீட்டில் என்னென்ன குறை என்று கூட்டிப்பார்ப்பது) 12 கேள்விகள். அதில் ஒன்று கக்கூஸ். எவ்வளவு நல்ல கக்கூஸாக இருந்தாலும் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டால் அந்த வீடு கக்கூஸ் இல்லாத வீடு என்றுதான் எழுதுவார்கள். எங்கள் கல்லிக்கு (சந்துக்கு) ஒரே சண்டாஸ், அதாவது பொதுக் கக்கூஸ். எட்டுக் கதவு. இரண்டு கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும், ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலை ஐந்தரைக்கு டப்பாவோடு வந்து நில்லுங்கள், ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசுவோம்.

செம்பூர் சேகர்:
கக்கூஸைப் பங்கு போட்டால் ஏழையா? என் மாமனார் பரேலில் ஒரு சாலில் (வரிசை அறைக் கட்டடத்தில்) முப்பது வருஷம் இருந்தார். மாடிக்கு நாலு கக்கூஸ், இருபது குடித்தனம். அவர் வங்கி அதிகாரி. மகளுக்கு நாற்பது பவுன் போட்டார். அவரும் ஏழையா? இந்தக் கணக்கை எழுதியவர்கள் மும்பையையே பார்த்ததில்லை.

மாட்டுங்கா மணி:
அந்த நாற்பது பவுன் உங்கள் வீட்டுக்குத்தானே வந்தது சார்? அப்படியானால் சாட்சி பலமானதுதான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருமே அட்டவணையைப் படிக்கவில்லை. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம், மூன்றுக்கும் சமப் பங்கு, ஒவ்வொன்றுக்கும் 7, மொத்தம் 21 என்று வையுங்கள். வாழ்க்கைத்தரத்துக்குள் ஏழு: அடுப்பு எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு, மின்சாரம், பொருள்கள், வங்கிக் கணக்கு. ஆக, கக்கூஸின் எடை 21-ல் 1. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 21-க்கு 7 வந்தால்தான் ஏழை. சேகர் சாரின் மாமனாருக்கு 1 மதிப்பெண். அவர் ஏழை இல்லை. கோலி அண்ணாச்சிக்கும் கக்கூஸை மட்டும் வைத்தால் அதே 1 தான்.

கோலி நம்பர் 14:
இருபத்தொன்றில் ஒன்றாம்! இதை வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன் பிள்ளைவாள். வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர் நிற்கும்போது அது இருபத்தொன்றில் ஒன்றா, முழுசா? நான் கேட்டது ஒன்றே ஒன்று. பொதுக் கக்கூஸ் கணக்கில் வருமா வராதா? வரும். சேகர் சார் வராது என்றார். முடிந்தது.

செம்பூர் சேகர்:
வராது என்று நான் எங்கே சொன்னேன்? வரக்கூடாது என்றேன். தமிழ் புரியவில்லையா அண்ணாச்சி?

சயான் அக்கா:
எல்லாரும் ஆண்கள், அதனால் வரிசையோடு நின்றுவிட்டீர்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்கமாட்டேன். ராத்திரி சண்டாஸில் விளக்கு இருக்காது, தனியாகப் போகவும் முடியாது. மாமியாரை எழுப்பினால் ஒரு பாட்டு கேட்கவேண்டும். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனால் "நிறையத் தண்ணீர் குடிம்மா" என்றார். சிரிப்பதா அழுவதா? இதெல்லாம் எந்தப் பன்னிரண்டில் வருகிறது? குடிநீர்க் கேள்வியும் அப்படித்தான். சுத்தமான தண்ணீரா, போய்வர அரை மணிக்குள் ஆகுமா, அவ்வளவுதான். எங்கள் நள்ளில் (குழாயில்) விடியற்காலை ஒரு மணிநேரம்தான் தண்ணீர், ஹண்டாவை நிரப்பத் தூக்கத்தைத் தொலைக்கவேண்டும் என்பது எதிலும் இல்லை.

கோலி நம்பர் 14:
அக்கா சொல்வதுதான் நான் சொல்வதும். பொதுக் கக்கூஸ்!

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னது வேறு, அண்ணாச்சி. போகட்டும், உங்களுக்குச் சாதகமாகவே ஒரு கணக்கு போடுகிறேன். ஒரு வீட்டில் சத்துக்குறைந்த குழந்தை: உடல்நலத்தின் 7-ல் பாதி, மூன்றரை. அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தாய் நாலு தடவை பரிசோதனைக்குப் போகவில்லை: அதே 7-ல் கால், ஒன்றேமுக்கால். கூரைக்குத் தார்ப்பாய்: ஒன்று. மொத்தம் ஆறேகால், ஏழை இல்லை. இதோடு பொதுக் கக்கூஸ் சேர்ந்தால் ஏழேகால், ஏழை. அந்த வீட்டைத் தள்ளிவிடுவது கக்கூஸ்தான். ஆனால் கரண்டு எரிகிற கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) உடல்நலக் கேள்விகளும் படிப்பும் சரியாக இருந்தால், வாழ்க்கைத்தரத்தில் மீதி ஆறும் இல்லாமல் போனாலும் 6-தான். ஒருநாளும் ஏழு வராது. வாடகையா சொந்தமா, நாளைக்கு இடிக்க நோட்டீஸ் வந்திருக்கிறதா, எதையும் அது கேட்பதில்லை. சண்டை போடவேண்டிய இடம் அது.

கோலி நம்பர் 14:
"தள்ளிவிடுவது கக்கூஸ்தான்." பிள்ளைவாளே எழுதியாயிற்று. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பூர் சேகர்:
அவர் எழுதிய மீதியையும் படியுங்கள். இதற்குப் பழைய கணக்கே தேவலாம். மாதம் எவ்வளவு செலவு செய்கிறாய், ஒரு கோடு, கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே. தீர்ந்தது.

கோலி நம்பர் 14:
எந்தக் கோடு சார்? 2011-ல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டதே, நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் என்று, அந்தக் கோடா? நாடே சிரித்தது. 2014-ல் ரங்கராஜன் குழு அதை 47 ஆக்கியது. பதினைந்து ரூபாயில் ஏழை கூடினான். 47 ரூபாய்க்கு எத்தனை கட்டிங் சாய் குடித்திருக்கலாம் என்று உங்கள் வங்கி மாமனாரிடம் கேளுங்கள். 24.82 கோடி என்கிறீர்களே, அது 2013-14-லிருந்து 2022-23 வரைக்கும். அந்த இரண்டு வருஷங்களிலும் இந்தக் கணக்குக்காக யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பும் அதற்கு முந்தையவையும் என்ன வேகத்தில் இறங்கியதோ அதே கோட்டை இழுத்து நீட்டிப் போட்டது. நடுவில் கொரோனா வந்ததே, கோடு அதைப் பார்த்ததா?

ஆண்டாப்ஹில் தம்பி:
ஒரு சந்தேகம். அதே 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 2.20 சதவீதம்தான் ஏழை, மகாராஷ்டிரத்தில் 7.81. அப்புறம் ஏன் நம் ஆட்கள் ஊரை விட்டு இங்கே வந்து கஷ்டப்படுகிறார்கள்?

கோலி நம்பர் 14:
தம்பி, வார்த்தையை அளந்து பேசும். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற வேலைக்கு வந்தார். அன்றைக்கு எந்தச் சதவீதமும் கிடையாது, பசிதான் இருந்தது. சேற்றை மண்கொட்டி மேடாக்கித்தான் எங்கள் ஆட்கள் குடிசை போட்டார்கள். அது இன்றைக்குப் பொன் விளைகிற பூமி, அதனால் எல்லாருக்கும் கண். கஷ்டப்பட வந்தோம் என்று சொல்லாதீர். உழைக்க வந்தோம்.

ஆண்டாப்ஹில் தம்பி:
நான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே அண்ணாச்சி.

மாட்டுங்கா மணி:
சண்டாஸ் என்கிறீர்கள், கக்கூஸ் என்கிறீர்கள். சண்டாஸ் மராத்தி, கக்கூஸ் டச்சு என்பார்கள். கழிப்பறை என்று ஒருவராவது எழுதக்கூடாதா?

சயான் அக்கா:
அந்த நாற்றத்துக்குக் கழிப்பறை என்று பேர் வைக்க மனசு வரவில்லை மணி சார்.

செம்பூர் சேகர்:
இவ்வளவு பேசுகிற அண்ணாச்சி, குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டுக்குள் தனிக் கக்கூஸ்தானே? அங்கேயே போய் இருக்கலாமே.

கோலி நம்பர் 14:
அது என் தம்பி வீடு. பங்காளி விஷயத்தில் மூக்கை நுழைக்கவேண்டாம். நானும் கேட்கவா? போன பொங்கலுக்கு நாற்காலி வாடகை என்று எல்லாரிடமும் வாங்கினீர்களே, பந்தலில் பாதிப் பேர் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்? நான் கடைசி வரை நின்றேன். மறக்கவில்லை.

செம்பூர் சேகர்:
பில் என்னிடம் இருக்கிறது. இருநூறு நாற்காலி. நீங்கள் ஒன்பது மணிக்கு வந்தால் யார் இடம் பிடித்து வைப்பார்கள்?

கோலி நம்பர் 14:
ஒன்பது மணிக்கு ஏன் வந்தேன்? வரிசையில் நின்றேன் சார். சண்டாஸ் வரிசையில்!

கணக்குப்பிள்ளை:
யாராவது அந்தத் தார்ப்பாய் வீட்டுக் கணக்கைப் பார்த்தீர்களா?

மாட்டுங்கா மணி:
நாற்காலி பில்லை இங்கே போடுங்கள் சேகர் சார். இருநூறு இருந்த மாதிரி எனக்கும் ஞாபகம் இல்லை.

செம்பூர் சேகர்:
போடுகிறேன். முதலில் என் மாமனார் ஏழையா இல்லையா என்று அண்ணாச்சி வாயால் சொல்லட்டும்.

கோலி நம்பர் 14:
பங்கு போட்டாரா இல்லையா?