தமிழ் அஞ்சல்கள் மட்டும் டிமார்க் சோதனையில் தோற்கின்றன. அதே சேவையகத்தின் ஆங்கில ரசீதுகள் சரியாகச் சேர்கின்றன

கேள்வி

வணக்கம். தமிழ் மாத இதழ் ஒன்றின் சந்தாதாரர்களுக்கு அஞ்சல் அனுப்பும் சேவையகத்தை நான் பராமரித்து வருகிறேன். டெபியன் இயங்குதளத்தில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸும், அஞ்சல்களில் டிகேஐஎம் எனும் மின்கையொப்பம் இடுவதற்கு ஓபன்டிகேஐஎம்மும் ஓடுகின்றன. பணம் பெற்றதற்கான ரசீதுகள் ஆங்கிலத்திலும், இதழின் அறிமுகமும் ஆசிரியர் கடிதமும் தமிழிலும் போகின்றன. எங்கள் பெயரில் வரும் அஞ்சல் சோதனையில் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சேவையகத்துக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையை ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்பதிலிருந்து ‘ரிஜெக்ட்’ (மறுத்துவிடு) என்பதற்கு உயர்த்தியது முதல், பல்கலைக்கழக முகவரி கொடுத்துள்ள சந்தாதாரர்கள் பலருக்கு அனுப்பும் தமிழ் அஞ்சல்கள் 550 5.7.26 என்ற பிழையோடு திரும்பி வருகின்றன. அதே முகவரிகளுக்கு அனுப்பும் ஆங்கில ரசீதுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்களைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவில் எங்கள் ஐபி முகவரிகள், ஐபிவி4, ஐபிவி6 இரண்டுமே, உள்ளன. முகவரியிலிருந்து பெயருக்கும் பெயரிலிருந்து முகவரிக்கும் டிஎன்எஸ் ஒத்துப்போகிறது. தடைப்பட்டியல் எதிலும் எங்கள் முகவரி இல்லை. டிகேஐஎம் சாவியை 1024 பிட்டிலிருந்து 2048 பிட்டுக்கு மாற்றினேன். சாவியை வெளியிடும் டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துகளே வரம்பு என்பதால் அதை இரண்டாகப் பிரித்தே வெளியிட்டிருக்கிறேன், சாவிச் சோதனையும் தேறுகிறது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஒரு முறைக்கு, அஞ்சல் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பது எப்படிப் பொருட்டாகும்? தெரிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம். மொழியைப் பற்றிய கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, திரும்பி வருபவை ஏன் பல்கலைக்கழக முகவரிகளாகவே இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் பல்கலைக்கழக முகவரிக்கு வருவதைத் தங்கள் ஜிமெயில் பெட்டிக்குத் தானாகவே ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருப்பது வழக்கம். அப்படியானால் உங்கள் அஞ்சலை மறுப்பது பல்கலைக்கழகம் அல்ல, அதற்கு அடுத்த படியில் இருக்கும் ஜிமெயில். திரும்பி வந்த அறிவிப்பில் எந்தச் சேவையகம் 550 என்று சொன்னது என்பதைப் படித்தால் இது உறுதியாகும்.

ஃபார்வர்டு ஆகும் இடத்தில் எஸ்பிஎஃப் உங்களுக்குத் துணை நிற்காது. ஜிமெயிலோடு தொடர்பு கொள்வது பல்கலைக்கழகத்தின் ஐபி. அது உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் இல்லை, இருக்கவும் கூடாது. அங்கே எஸ்ஆர்எஸ் என்ற முறையில் உறை முகவரியை, அதாவது சேவையகங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அனுப்புநர் முகவரியை, தங்கள் டொமைனுக்கு மாற்றி அனுப்பினால் எஸ்பிஎஃப் ‘பாஸ்’ என்றே காட்டும். ஆனால் அது பல்கலைக்கழக டொமைனுக்குக் கிடைத்த தேர்ச்சி. ‘ஃப்ரம்’ வரியில் உள்ள உங்கள் டொமைனோடு அது பொருந்தாததால் டிமார்க் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஏதேனும் ஒன்று ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்தித் தேறினால் போதும் என்பதே டிமார்க்கின் விதி. ஃபார்வர்டு ஆன அஞ்சலில் அந்த ஒன்று டிகேஐஎம் கையொப்பமாக மட்டுமே இருக்க முடியும். ஆங்கில ரசீதில் அது பிழைத்திருக்கிறது, தமிழ் அஞ்சலில் உடைந்திருக்கிறது என்றே நான் ஊகிக்கிறேன்.

ஃபார்வர்டு ஏதும் இல்லாத ஒரு ஜிமெயில் பெட்டிக்கு இரண்டு வகை அஞ்சலையும் நேரடியாக அனுப்பி, ‘ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்’ ஹெடரில் (பெறும் சேவையகம் சோதனை முடிவுகளை எழுதும் தலைப்பு வரியில்) டிகேஐஎம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலே ‘டிமார்க் பாஸ்’ என்று இருப்பதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம்; அங்கே எஸ்பிஎஃப் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

கேட்டவர்

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. திரும்பி வந்த அறிவிப்புகள் எல்லாவற்றிலும் மறுத்தது ஜிமெயிலே. நேரடிப் பெட்டியில் இரண்டு அஞ்சல்களுமே டிமார்க்கில் தேறுகின்றன. ஆனால் ஆசிரியர் கடிதத்தில் டிகேஐஎம் முடிவாக ‘பாடி ஹாஷ் டிட் நாட் வெரிஃபை’ என்று உள்ளது; அதாவது உடற்பகுதியிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற சரிபார்ப்பு மதிப்பு பொருந்தவில்லை. ரசீதில் ‘பாஸ்’.

இதில் இன்னொரு புதிரும் இருக்கிறது. “வணக்கம், இது ஒரு சோதனை அஞ்சல்” என்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி அதே நிரல் வழியாக அனுப்பினேன். அதில் டிகேஐஎம் தேறிவிட்டது. ஆக, தமிழ் என்பது மட்டுமே காரணம் இல்லை. இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கடிதத்தின் நடுவே எங்கோ ஓர் எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறி தெரிவதாக வாசகர்கள் சிலர் அவ்வப்போது எழுதுகிறார்கள். நிரல் எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்டது. தரவுத்தளத்தில் உள்ள பத்திகளை எடுத்து, யூடிஎஃப்-8 குறிமுறையில் ‘8பிட்’ என்று குறித்து, சென்ட்மெயில் கட்டளைக்கு அப்படியே தருகிறது.

இரண்டாம் மறுமொழி

அந்தச் சாய்சதுரத்துக்கு நிச்சயமாகத் தொடர்பு உண்டு. உங்கள் இரண்டு கோளாறுகளுக்கும் வேர் ஒன்றே என்று அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சேவையகங்கள் அஞ்சலைக் கடத்தப் பயன்படுத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையில் ஒரு வரி, இறுதியில் வரும் வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து, 1000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எனவே உள்ளடக்கத்துக்குக் கிடைப்பது 998 பைட். போஸ்ட்ஃபிக்ஸ் இந்த வரம்பை ‘எஸ்எம்டிபி லைன் லெங்த் லிமிட்’ என்ற அமைப்பின் வழியே கடைப்பிடிக்கிறது. அதைவிட நீண்ட வரி வந்தால், 998ஆம் பைட்டில் வரியை முறித்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளியைச் சேர்த்து வெளியே அனுப்புகிறது. இது நிகழும் கட்டம்தான் இங்கே முக்கியம். ஓபன்டிகேஐஎம் ஒரு மில்டராக, அதாவது அஞ்சலை இடையில் வாங்கிப் பார்க்கும் துணை நிரலாக, அஞ்சல் வரிசைக்குள் நுழையும் முன்பே உடற்பகுதியின் ஹாஷைக் கணக்கிட்டுக் கையொப்பமிட்டுவிடுகிறது. வரி முறிவதோ அஞ்சல் வரிசையிலிருந்து வெளியேறும்போது, அனுப்பும் நிரலின் கையில். கையொப்பம் இட்ட உடலும் பெறுநருக்குப் போய்ச் சேர்ந்த உடலும் வேறாகிவிடுகின்றன. உடலுக்கு ‘ரிலாக்ஸ்டு’ முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பயன் இல்லை. அது ஒரு வரிக்குள் இருக்கும் இடைவெளி மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளுமே தவிர, புதிதாக முளைத்த வரிமுறிவைப் பொறுத்துக்கொள்ளாது.

இப்போது மொழி எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறிமுறையில் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியீடுகள் என்பதால், ‘வணக்கம்’ என்ற ஐந்து எழுத்துச் சொல்லில் 7 குறியீடுகள், அதாவது 21 பைட்டுகள். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 35 சொற்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பத்தியே 998 பைட்டை எட்டிவிடும். ஆங்கிலத்தில் அதே எல்லையைத் தொட 160 சொற்கள் அளவுக்கு ஒரே வரியில் எழுத வேண்டும். ரசீதில் அவ்வளவு நீண்ட பத்தி யாருக்கும் தேவைப்படாது. உங்கள் நிரல் ஒரு பத்தியை ஒரே வரியாகத் தருகிறது என்பதால், ஆசிரியர் கடிதத்தில் ஏறக்குறைய எல்லாப் பத்திகளும் முறிந்திருக்கும். முறிவு ஓர் எழுத்தின் 3 பைட்டுகளுக்கு நடுவே விழும்போதெல்லாம், அந்த எழுத்து சிதைந்து, உங்கள் வாசகர் கண்ட கேள்விக்குறியாகத் தெரிகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் பைட்டுகளை எண்ணுகிறது; எழுத்து எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை.

உறுதிசெய்துகொள்ள, நிரல் தரும் மூல அஞ்சலை ஒரு கோப்பில் சேமித்து, 998 பைட்டைத் தாண்டிய வரி உண்டா என்று தேடுங்கள். ‘ஆக்’ போன்ற கருவிகள் சில, பைட்டுகளை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணிவிடும் என்பதால், ‘எல்சி ஆல்’ என்ற சூழல் மாறியை ‘சி’ என்று வைத்துவிட்டு எண்ணுவது அவசியம். இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

தீர்வை நிரலிலேயே செய்வது நல்லது. உடற்பகுதியை ‘8பிட்’ என்று விடாமல் பேஸ்64 முறையில், ஆங்கில எழுத்து, எண் போன்ற எளிய குறிகளாகக் குறியேற்றி அனுப்புங்கள்; வரிகள் 76 எழுத்துகளுக்குள் அடங்கும், வழியில் எந்தச் சேவையகமும் அவற்றைத் தொட வேண்டிய காரணம் இருக்காது. கோட்டட்-பிரிண்டபிள் முறையும் செல்லும், ஆனால் அதில் தமிழின் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாக விரிவதால் அஞ்சல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். பேஸ்64 சேர்ப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட கையேடுகள் கோட்டட்-பிரிண்டபிளையே பரிந்துரைக்கும். தமிழுக்கு அந்தப் பரிந்துரையை நான் ஏற்கமாட்டேன்.

முதல் மறுமொழி அளித்தவர்

மிகத் தெளிவான விளக்கம். நிரலை மாற்றும் வரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த இடைவேளையில் எடுக்கப்படும் அவசர முடிவுகள் பின்னால் பெரும் தொல்லை தரும்.

பல்கலைக்கழகங்களின் ஐபி முகவரிகளை உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க வேண்டாம். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்ப நீங்களே உரிமை கொடுத்ததாகும். வேறொரு டொமைனின் பதிவை இழுத்துவரும் ‘இன்க்ளூட்’ வழியே சேர்த்தால் எஸ்பிஎஃப்பின் 10 டிஎன்எஸ் தேடல் வரம்பும் விரைவில் நிறைந்து, பதிவு முழுவதுமே நிரந்தரப் பிழையாகிவிடும். டிகேஐஎம் கையொப்பத்தில் ‘எல்’ என்ற நீளக் குறியை வைத்து உடலின் ஒரு பகுதிக்கு மட்டும் கையொப்பமிடலாம் என்று யாரேனும் சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். கையொப்பம் இல்லாத எஞ்சிய பகுதியில் வேறொருவர் எதையும் ஒட்டி அனுப்ப அது வழிவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் 998 வரம்பை உயர்த்துவதும் சரியல்ல. எதிரே உள்ள சேவையகம் அதே வரியைத் தானே முறிக்கலாம், அல்லது மறுக்கலாம்.

ரசீது போகும் டொமைனின் பாதுகாப்பைத் தளர்த்தாமல் இருக்க, இதழ் அஞ்சல்களை ஒரு துணை டொமைனிலிருந்து அனுப்பி, அதற்கென்று தனி டிமார்க் பதிவை ‘நன்’ நிலையில் வைக்கலாம். சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பெறும் சேவையகங்கள் அனுப்பும் தொகுப்பறிக்கைகள் வந்து சேரும் முகவரியையும் அதில் மறவாமல் குறிப்பிடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட அஞ்சல் போகும் டொமைனை ‘நன்’ நிலைக்கு இறக்குவதை நான் விரும்பவில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூல அஞ்சலில் தேடியபோது, கடிதத்தின் பெரும்பாலான பத்திகள் 998 பைட்டைத் தாண்டியிருந்தன. ஒன்று 3000 பைட்டுக்கும் மேல். நிரலை பேஸ்64 குறியேற்றத்துக்கு மாற்றி, பழைய கடிதத்தையே நேரடிப் பெட்டிக்கும், ஃபார்வர்டு வைத்திருக்கும் ஒரு பேராசிரியரின் பல்கலைக்கழக முகவரிக்கும் அனுப்பினோம். இரண்டிலும் டிகேஐஎம் ‘பாஸ்’, டிமார்க் ‘பாஸ்’, சாய்சதுரமும் இல்லை. துணை டொமைன் யோசனையையும் ஏற்றுக்கொண்டோம், தொகுப்பறிக்கைகள் தெளிந்த பிறகு அங்கும் கொள்கையை உயர்த்துவோம்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இதே சேவையகம் வழியாக, நாங்கள் மாற்ற இயலாத ஒரு கணக்கு மென்பொருளும் அஞ்சல் அனுப்புகிறது. அதில் தமிழ்க் குறிப்புகள் நீண்டுவிட்டால் என்ன செய்வது?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்

போஸ்ட்ஃபிக்ஸ் 3.9 பதிப்பிலிருந்து ‘ஃபோர்ஸ் மைம் இன்புட் கன்வெர்ஷன்’ என்ற அமைப்பு உள்ளது. இயல்பில் அது அணைந்திருக்கும். இயக்கினால், ‘8பிட்’ என்று குறித்து வரும் உடற்பகுதியை, மில்டர்களிடம் கொடுப்பதற்கு முன்பே கோட்டட்-பிரிண்டபிளாக மாற்றிவிடும். கையொப்பம் அதன் பிறகே இடப்படுவதால் உடையாது. மூன்று மடங்கு அளவு என்ற குறை இங்கே உண்டு, ஆனாலும் கணக்குக் குறிப்புகளுக்கு அது பொருட்படுத்தத் தக்கதல்ல. உங்கள் டெபியனில் உள்ள பதிப்பு 3.9ஐவிடப் பழையது என்றால், பதிப்பை உயர்த்தும் வரை அந்த மென்பொருளின் அஞ்சல் வார்ப்புருவில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் வரிமுறிவு இடச் சொல்லுங்கள். எச்டிஎம்எல் அஞ்சலில் தோற்றம் மாறாது.