யூஎம்எல் சீட்ஷீட் உங்க காலை வாரின கதை இருந்தா கொட்டுங்க

கட்டம்போடுறவன்:
எல்லார் மானிட்டர் பக்கத்துலயும் ஒட்டியிருக்குமே அந்த ஒரு பக்க கார்டு, அம்பு, டைமண்ட் எல்லாம் வரிசையா போட்டிருக்கும், அதான் சீட்ஷீட். யூஎம்எல்னா சாஃப்ட்வேர் டிசைன படமா வரையுற குறிமுறை. எங்க டீம்ல இருந்தது ஜெராக்ஸோட ஜெராக்ஸோட ஜெராக்ஸ். டிசைன் ரிவ்யூ ஓடுது, ஆர்டருக்கும் அட்ரஸுக்கும் நடுவுல நான் வெறும் கோடு போட்டு வச்சிருந்தேன், டீம் லீடு வந்து "கருப்பு டைமண்ட் எங்க"ன்னு கேக்குறார், அதாவது கம்போசிஷன், முழுமை போனா பகுதியும் கூடவே போற உறவு. சார், ஒரே அட்ரஸுக்கு பத்து ஆர்டர் போகும், ஒரு ஆர்டர தூக்குனா அட்ரஸும் சேர்ந்து போகணுமா, அதிகபட்சம் வெள்ளை டைமண்ட், அதாவது அக்ரிகேஷன்ங்கிற தளர்வான உறவு, போடலாம்னு சொன்னேன். மனுஷன் எழுந்து போய் கார்ட சுவத்துலேர்ந்து உரிச்சு டேபிள்ல வச்சு, அக்ரிகேஷன்ங்கிற வரில விரல வச்சார் பாருங்க, அங்க டைமண்ட் கன்னங்கரேல்னு இருக்கு. கீழ கம்போசிஷன், அதுவும் கருப்பு. ஜெராக்ஸ் மெஷின் மை அந்த குட்டி வெள்ளைய அடைச்சிருச்சு. "ரெண்டும் ஒண்ணுதானேப்பா, இதுக்கு எதுக்கு சண்டை"ன்னு சொல்லி கார்ட திருப்பி ஒட்டிட்டார். ரூம்ல ஒருத்தர் கூட சிரிக்கல, அதான் இன்னும் உறுத்துது. அந்த படத்த பாத்து ப்ரோக்ராம் எழுதுன பையன் கேஸ்கேட் டெலீட் (ஒண்ண அழிச்சா அதச் சேர்ந்ததும் அழியுறது) வச்சான், டெஸ்ட் டேட்டாபேஸ்ல ஒரு ஆர்டர தூக்குனதும் அட்ரஸ் டேபிள்ல பாதி காலி. நல்லவேளை ப்ரொடக்ஷன் போகல.

பழையகம்பைலர்:
இதுல கார்டு என்னங்க பண்ணுச்சு, பாவம். வெள்ளை டைமண்டே ஒரு வெத்து சமாச்சாரம். அதோட சரியான அர்த்தம் துறைக்குத் துறை, ஆளுக்கு ஆள் மாறும்னு யூஎம்எல்லோட ஸ்பெக்லயே (அதிகாரப்பூர்வ விதிப் புத்தகம்) எழுதி வச்சிருக்காங்க. கருப்புக்குத்தான் சட்டம் இருக்கு, ஒரு பகுதி ஒரு நேரத்துல ஒரு முழுமைக்குள்ளதான் இருக்கலாம், முழுமைய அழிச்சா அதுக்குள்ள இருக்குற பகுதியும் பொதுவா கூடவே போயிரும். 2017 டிசம்பர்ல வந்த 2.5.1 ஸ்பெக் கிட்டத்தட்ட 800 பக்கம், அத ஒருத்தனும் தொறக்குறதில்ல, கடைசில பழி மட்டும் ஜெராக்ஸ் மெஷின் மேல.

என் கதை சின்னது. எங்க சீனியர் ஒருத்தர்ட்ட யூஎம்எல் 1.3 காலத்து கார்டு இருந்துச்சு, லேமினேட் பண்ணது. அதுல அசின்க்ரனஸ் மெசேஜுக்கு (பதிலுக்குக் காத்திருக்காம அனுப்புறது) அம்புத்தலை பாதிதான் இருக்கும், ஒரு பக்க கோடு மட்டும். 1.4லயே அத மாத்தி முழு திறந்த அம்பா ஆக்கிட்டாங்க. டூல்ல பாதி அம்பே கிடையாதுன்னு சொன்னா கேக்கணுமே. ப்ரிண்ட் எடுத்த சீக்வென்ஸ் டயக்ராம் (யாரு யாருக்கு எந்த வரிசைல மெசேஜ் அனுப்புறாங்கன்னு காட்டுற படம்) அத்தனையையும் முன்னாடி பரப்பி வச்சுக்கிட்டு, ஒயிட்னர் பிரஷ்ஷால ஒவ்வொரு அம்புலயும் கீழ்ப்பாதிய அழிச்சுக்கிட்டு இருந்தார். சாயங்காலம் வரைக்கும். ஊதி ஊதி காயவச்சு.

கட்டம்போடுறவன்:
@பழையகம்பைலர் கார்டு மேல தப்பில்லன்னு ஆரம்பிச்சு கார்டாலதான் கெட்டுச்சுன்னு முடிச்சிருக்கீங்களே ஜி 😄

டோக்கன்ராணி:
எனக்கு இன்டர்வியூல. ஆக்டிவிட்டி டயக்ராம் (வேலை நடக்குற வரிசைய காட்டுற படம்) ஒண்ண நீட்டுனாங்க, "ஃபார்ம் நிரப்பு"ன்னு ஒரு ஆக்ஷன், அடுத்து "சரிபார்", தப்பா இருந்தா ஒரு அம்பு வளைஞ்சு திரும்ப "ஃபார்ம் நிரப்பு"க்கே நேரா வந்து முட்டுது. இதுல என்ன பிரச்சினைன்னு கேட்டாங்க. இந்த ப்ராசஸ் தொடங்கவே தொடங்காதுன்னு சொன்னேன். ஏன்னா யூஎம்எல் 2ல ஒரு ஆக்ஷனுக்குள்ள ரெண்டு அம்பு வந்தா ரெண்டுலயும் டோக்கன் (ஓட்டம் எங்க வந்திருக்குன்னு காட்டுற அடையாளம்) வந்தாதான் அது ஓடும், முதல் தடவ திரும்பி வர்ற அம்புல டோக்கன் எங்கேர்ந்து வரும், இன்னும் சரிபார்க்கவே இல்லையே. ஒரு மெர்ஜ் டைமண்ட் வச்சு, எதுல வந்தாலும் ஒரே அம்பா உள்ள விடணும்.

அவர் பக்கத்துல இருந்த கார்ட எடுத்து என் பக்கம் திருப்பினார். அதுலயும் அச்சு அசலா அதே மாதிரி வளைஞ்ச அம்பு! "அப்ப உலகத்துல இருக்குற டயக்ராம் எல்லாம் நின்னு போய் கிடக்குதாம்மா"ன்னு சிரிச்சார், கூட இருந்தவரும் சிரிச்சார். அந்த கார்டு 1.x காலத்துது, அப்ப ஆக்டிவிட்டி டயக்ராம் ஸ்டேட் மெஷினோட (நிலை மாறுறத காட்டுற படம்) ஒரு வகையா இருந்துச்சு, எந்தப் பக்கம் வந்தாலும் ஓடும், அதனால அன்னிக்கு அந்த படம் சரிதான். அத சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. வேலை கிடைச்சுது, அது வேற விஷயம். ஆனா அவர் தலையாட்டாம சிரிச்சது இருக்கே.

நள்ளிரவுடெப்ளாய்:
பேப்பர் கார்டாவது பரவால்ல, டெக்ஸ்ட்ல டயக்ராம் எழுதுறவங்க கதைய கேளுங்க. ப்ளான்ட்யூஎம்எல்ங்கிற டூல்ல இருந்த சீக்வென்ஸ் டயக்ராம் எல்லாத்தையும் மெர்மெய்டுங்கிற டூலுக்கு மாத்தணும், பாக்க ஒரே மாதிரிதான இருக்குன்னு டீம்ல ஒருத்தர் ப்ளான்ட்யூஎம்எல் சீட்ஷீட்டையே வச்சு அப்படியே பேஸ்ட் பண்ணி விட்டார். க்ளையன்ட் கால்ல ஸ்க்ரீன் ஷேர் போட்டா ஒரு கோட்டுக்கும் தலையே இல்ல, எல்லாம் மொட்டை கோடு, யாரு யாரக் கூப்பிடுறாங்கன்னே தெரியல. ப்ளான்ட்யூஎம்எல்ல -> போட்டா அம்பு வரும், மெர்மெய்டுல அதே -> வெறும் கோடு, அம்பு வேணும்னா ->> போடணும். இத விட விஷம் என்னன்னா ப்ளான்ட்யூஎம்எல்ல ->> ன்னா மெல்லிசான திறந்த அம்பு, அதாவது அசின்க்ரனஸ். மெர்மெய்டுல அதே ->> அடைச்ச அம்பு, அதாவது பதிலுக்குக் காத்திருக்குற மெசேஜ், திறந்தது வேணும்னா -) போடணுமாம். மொட்டை கோடாவது கண்ணுக்குத் தெரியும், இது எரர் காட்டாம அர்த்தத்த மாத்திட்டு கம்முனு உக்காந்திருக்கும். க்ளையன்ட் பக்கத்துல ஒருத்தர் "இது ப்ளாக் டயக்ராமா"ன்னு பவ்யமா கேட்டார்.

மூணாவதுகண்:
நம்ம கதை ரெண்டு வரிதான். சி4 மாடல் (சாஃப்ட்வேர் அமைப்ப நாலு மட்டத்துல வரையுற முறை) குறிப்பு ஒண்ண பாத்து கன்டெய்னர் டயக்ராம் கேட்டாங்க, ஒருத்தர் டாக்கர் கன்டெய்னர் (ப்ரோக்ராம பொட்டலம் கட்டி ஓட்டுற பெட்டி) எல்லாத்தையும் வரைஞ்சு கொண்டு வந்தார். சி4ல கன்டெய்னர்னா தனியா ஓடுற அப்ளிகேஷனோ டேட்டா ஸ்டோரோ, டாக்கருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

நான் சொல்ல வந்தது வேற. யாருமே கார்ட எங்கேர்ந்தும் டவுன்லோட் பண்ணாதீங்க, நீங்களே எழுதுங்க. முதல்ல கையில இருக்குறதோட வயசப் பாருங்க, கொலாபரேஷன் டயக்ராம்னு பேரு இருந்தா அது 2.0க்கு முந்தினது, இப்ப அதுக்கு கம்யூனிகேஷன் டயக்ராம்னு பேரு. மொத்தம் ஒன்பது வகைதான் போட்டிருந்தா அதுவும் பழசு, இப்ப 14. ஆனா 14ம் கார்டுல வேண்டாம், உங்க டீம் நெஜமா வரையுறது மூணோ நாலோ தான் இருக்கும், அத மட்டும் வைங்க. ஒவ்வொரு குறிக்கும் உங்க ப்ரோக்ராம்ல இருக்குற க்ளாஸ் பேரையே போட்டு உதாரணம் கொடுங்க, ஏ, பின்னு போட்டா டைமண்ட் எந்த பக்கம்னு சண்டை வரும். டைமண்ட் எப்பவும் முழுமை பக்கம். மல்டிப்ளிசிட்டி, அதாவது எத்தனங்கிற எண்ணிக்கை, எதிர்முனைல படிக்கணும், ஆர்டர்ல நின்னு பாத்தா ஐட்டம் பக்கத்துல இருக்குற 1..* (ஒண்ணோ அதுக்கு மேலயோ) தான் ஒரு ஆர்டருக்கு எத்தன ஐட்டம்ங்கிறது. யூஸ்கேஸ் டயக்ராம்ல (சிஸ்டத்த வச்சு யார் என்ன செய்றாங்கன்னு காட்டுறது) இன்க்ளூட் அம்பு மெயின் கேஸ்லேர்ந்து உள்ள இழுக்குற கேஸுக்கு போகும், எக்ஸ்டெண்ட் அம்பு கூடுதலா வர்ற கேஸ்லேர்ந்து மெயினுக்கு போகும், நான் பாத்த பாதி கார்டுல ரெண்டையும் ஒரே பக்கம் போட்டிருக்காங்க. கலர நம்பாதீங்க, ஜெராக்ஸ்ல புள்ளிக்கோடு கூட தேஞ்சு நேர்கோடா ஆயிரும், அப்புறம் இன்டர்ஃபேஸ் இம்ப்ளிமெண்ட் பண்றது இன்ஹெரிட்டன்ஸ் ஆயிரும். அம்பு பக்கத்துல பேரையும் எழுத்துல எழுதிருங்க. டயக்ராம் மூலைலயே சின்னதா ஒரு லெஜெண்ட் (எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்ங்கிற பட்டியல்) வச்சா கார்டே தேவையில்ல, சி4 உருவாக்குன சைமன் பிரவுனும் அததான் திரும்பத் திரும்ப சொல்றார்.

சும்மாவந்தேன்:
கதை கேட்டா பாடம் நடத்துறாரு 🙏

டோக்கன்ராணி:
@மூணாவதுகண் எல்லாம் சரி, மெர்ஜ் டைமண்ட் கார்டுல உண்டா இல்லையா?

மூணாவதுகண்:
இல்ல. சேக்குறேன்.

பழையகம்பைலர்:
சேக்குறப்ப டெசிஷனும் (கண்டிஷன் பாத்து வழி பிரியுற இடம்) அதே வடிவம்தான்னு பக்கத்துல எழுதுங்க, இல்லேன்னா அடுத்த ரிவ்யூல "கண்டிஷன் எங்க"ன்னு ஒருத்தர் கேப்பார்.