மூடாமல் விட்ட இணைப்புகள்: உங்கள் அனுபவம் என்ன?

பாயான் லெப்பாஸ், பினாங்கு:

இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் கிடங்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். முந்தைய குழு ஜாவாவில் எழுதிவைத்துவிட்டுப் போனது. பகலில் சமர்த்தாக ஓடும். நள்ளிரவுக்கு மேல் அப்படியே நின்றுவிடும். சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். அதற்கென்றே இரவுப் பணியில் ஓர் ஆளைப் பழக்கி வைத்திருந்தார்கள்!

நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை. நிரல் தன் நடப்பைக் குறித்துவைக்கும் லாக்கில் ஒரே புலம்பல்: 30 வினாடி காத்திருந்தும் டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை. டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவது ஹிக்காரிசிபி என்ற நூலகம். அதில் நாமாக மாற்றாவிட்டால் இணைப்புகளின் உச்ச வரம்பு 10தான். கசிவைக் கண்டறியும் வசதி ஒன்றும் அதில் உண்டு. நாம் கேட்டால்தான் வேலை செய்யும். அதை முடுக்கியதும், வாங்கிய இணைப்பைத் திருப்பித் தராத மெத்தட் (நிரலின் ஒரு பகுதி) எதுவென்று லாக்கே காட்டிக்கொடுத்தது. பார்கோடைப் படிக்க முடியாவிட்டால் அங்கே எக்செப்ஷன் எழும்; அதாவது பிழை என்று சொல்லி, மீதி வரிகளை ஓட்டாமல் நிரல் வெளியே தாவிவிடும். இணைப்பை மூடும் வரியோ அதற்குக் கீழே இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால்தானே மூடும்? லேபிள் கிழிந்த பெட்டிகள் திரும்பி வருவது இரவு லாரியில். பத்துப் பெட்டி போதும், கதை முடிந்தது.

"கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும், தம்பி" என்று மூத்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். பயன்படாத பொருள்களைத் துடைக்கும் ஜாவாவின் அந்தக் கலெக்டர் பார்ப்பது நினைவகத்தை. போதாததற்கு, கடன் கொடுத்த இணைப்புகளையும் ஹிக்காரிசிபி தன் கணக்கிலேயே வைத்திருக்கிறது. கலெக்டர் கண்ணுக்கு அவை குப்பையே அல்ல. 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த டிரை-வித்-ரிசோர்சஸ் என்ற எழுத்துமுறைக்கு மாற்றினோம். அதில் திறந்ததை ஜாவாவே மூடும். எக்செப்ஷன் எழுந்தாலும் மூடிவிடும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூடும்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:

அண்ணா, எங்களிடம் மாட்டியது சம்பளக் கணக்கு நிரல். மாதக் கடைசியில், அளவுக்கு மீறிக் கோப்புகள் திறந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு விழுந்துவிடும். லினக்ஸில் ஒரு புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) வழக்கமான வரம்பு 1024. கோப்புகளை ஒழுங்காகத்தான் மூடியிருந்தார்கள். ஒவ்வொரு கிளையின் ஃபோல்டரையும் ஃபைல்ஸ்.லிஸ்ட் கொண்டு படித்த இடத்தில்தான் வினை. உள்ளே இருக்கும் பெயர்களை அது ஒவ்வொன்றாக ஒரு ஸ்ட்ரீமில் தரும். ஸ்ட்ரீமை யாராவது மூடுவார்களா என்ற நினைப்பு! நினைவகத்தில் இருக்கும் பட்டியலான அர்ரேலிஸ்ட்டிலிருந்து வரும் ஸ்ட்ரீமுக்கு அது பொருந்தும். ஃபைல்ஸ்.லிஸ்ட் தரும் ஸ்ட்ரீமின் பின்னால் திறந்த ஃபோல்டர் இருக்கிறது. கடைசிப் பெயர்வரை படித்து முடித்தாலும் தானாக மூடாது.

பாயான் லெப்பாஸ், பினாங்கு:

உள் ஃபோல்டர்களையும் சுற்றிவரும் ஃபைல்ஸ்.வாக்கும் அப்படித்தானா, தம்பி? எங்கள் நிரலில் அது நிறைய இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:

வாக், கோப்பின் வரிகளைத் தரும் லைன்ஸ், தேடித் தரும் ஃபைண்ட் மூன்றின் ஸ்ட்ரீமையும் நாம்தான் மூட வேண்டும், அண்ணா.